அண்ணனுக்கு வந்தது

அன்புள்ள தம்பி ஆண்ட்ரூவுக்கு,

ராயபுரத்திலிருந்து அண்ணி ரூத் எழுதுவது. மாதா புண்ணியத்தில் வீட்டில் எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். ஷார்ஜாவில் வெயில் குறைந்ததா? நம் பக்கத்து வீட்டு ஜேக்கப் அங்கே வேலைக்குக் கிளம்புகிறான். அவனிடம் உங்கள் அம்மா காயவைத்த நெத்திலிக் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்திருக்கிறேன். கருவாட்டை ரூமில் எல்லோருக்கும் கொடுங்கள். கடிதத்தைத் தனியாகப் படியுங்கள்.

போனில் அண்ணன் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே, வெல்டிங் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கோபமில்லை, தம்பி. பயம் எனக்கும் தெரியும். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனது கிட்னி கல் வலிக்குத்தான். அது தானாக வெளியே வந்துவிட்டது. ஆனால் அந்த டாக்டரம்மா, வீட்டில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்று விடாமல் கேட்டார். "கல்லுக்கு வந்தவன்கிட்ட எங்க நைனா கதய கேக்குறீங்களே மேடம்" என்று அண்ணன் சிரித்தார். பிறகு, அப்பா முதுகு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை, ஹார்பரில் மூட்டை தூக்கிய உடம்பு, அதனால்தான் என்று நினைத்தோம் என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

அளவு கூடியிருந்தது. கூடினாலே புற்றுநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்றார்கள். ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். நாற்பத்தைந்து வயதில், நாளெல்லாம் கிரேன் ஓட்டுகிற மனிதருக்கு! எரிச்சல் இல்லை, வலி இல்லை, இரவில் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுந்து போவதுகூட இல்லை. "ஒன்னியுமே தெரியலயே ரூத்து, இன்னாடி இது" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மாவிடம் மறைக்கப் பார்த்தோம். காசிமேட்டிலிருந்து மீன் விற்றுத் திரும்பியவர், கூடையை இறக்கும்போதே எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார். சொன்னதும் அழவில்லை. "உங்க நைனா துணில ரத்தம் இருந்துச்சு. தொவச்சது நான்தான். அவுரும் சொல்லல, நானும் கேக்கல" என்றார். பிறகு அண்ணன் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சுரப்பியையே எடுத்துவிட்டார்கள்; ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுரப்பிக்கு வெளியே பரவவில்லை. இப்போது ரத்தத்தில் அந்த அளவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தொடர்ந்து பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிறுநீர் போக வைத்திருந்த குழாயை எடுத்த பிறகுதான் கஷ்டம். இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிந்தது. பேட் வைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார். கேரம் கிளப் பக்கமே போகவில்லை. கூட வேலை செய்கிற குணசேகரன்தான் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். அங்கே ஆட்டத்தின் நடுவில் யாரோ சொன்னதற்குச் சிரித்து, லுங்கி நனைந்துவிட்டது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அண்ணன் எழுந்து ஓடவில்லை. "கேன்சர் ஆபரேசன் பண்ணிக்கினேன்பா, அதான் இப்டி. உங்க வூட்லயும் அப்பனுக்கு, சித்தப்பனுக்கு இருந்துச்சானு கேட்டு வைங்க" என்றாராம். குணசேகரன் தன் தோள் துண்டை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு, "உன் ஆட்டம்தான் மாமு, அடி" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போதுதான் உங்கள் அண்ணன் முதல்முறையாக அழுதார். சிறுநீரை அடக்கும் தசைக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்து செய்து இப்போது கசிவு நிறையக் குறைந்திருக்கிறது.

இனி எழுதப்போவதற்கு அண்ணியைத் தப்பாக நினைக்காதீர்கள். "ஆம்பளத்தனமே பூடுமாமே" என்று நீங்கள் கேட்டதாக அண்ணன் சொன்னார். பழையபடி இல்லைதான். டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருக்கிறார், நாளாகும் என்கிறார். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காதாம். கொஞ்ச நாள் அவர் கீழே தனியாகப் பாய் போட்டுப் படுத்தார். நானும் என் தலையணையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன். அவர் எனக்குக் கணவராகத்தான் இருக்கிறார், தம்பி. உங்களுக்கு அப்படி ஒன்று வந்தாலும் உங்கள் மனைவி சிவந்தி உங்களைக் கணவராகத்தான் பார்ப்பாள்.

அப்பாவின் முதுகு வலியும் ரத்தமும் இதே நோய் முற்றியதால்தான் இருக்கும் என்று சொல்லி, டாக்டரம்மா உங்களைப் பற்றி விசாரித்தார். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்திருந்தால், நாற்பது தாண்டிய தம்பி, தொந்தரவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாதாம். கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், முதலில் அவ்வளவுதான். சிவந்தியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள். அவளை உங்கள் துணி துவைத்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள்.

கல்லறைத் திருநாளுக்கு லீவு கிடைக்கும் என்றீர்கள். அப்பா கல்லறைக்குப் பூ எடுத்துப் போகும்போது மகன்கள் ஆளுக்கொரு பக்கம் தன்னைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு வருடம் மட்டும் போதாது, தம்பி. அவர் நடக்கிற காலம்வரை நீங்கள் இரண்டு பேரும் வேண்டும்.

மாதா உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணி ரூத்