தனத்துக்கு வாங்கிய வண்டி

ஆனி 8, ஞாயிறு

காலையிலிருந்தே காற்று. பட்டறைக் கூரைத் தகரம் ஒன்று தூக்கிக்கொண்டது. கல் வைத்துவிட்டுப் பழனி பஸ் ஏறினேன்.

வண்டி வாங்கியாயிற்று. கறுப்பு. ஜெர்மன் வண்டி, வயது பதினொன்று. புதுச் சின்னக் கார் ஒன்றின் விலைதான், அதைவிடக் கொஞ்சம் குறைவு. விற்றவர் மலையடிவாரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர். நேர்மையான ஆள் என்றுதான் தோன்றியது. குறைகளை அவரே சொன்னார்: பின் கண்ணாடி ஒன்று இறங்காது, டயர் இரண்டு தேய்ந்தது, டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு அணைவதே இல்லை.

"பையன் ஆசப்பட்டு வாங்குனானுங்க. இப்ப வெளிநாட்டுல இருக்கான். ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க, இது நின்னுபோச்சுன்னா சாமான் கெடைக்கறது சிரமம். தெரிஞ்சே வாங்குங்க."

தெரிந்தேதான் வாங்கினேன்.

ஏன் என்று இங்கே எழுதி வைக்கிறேன், யாரிடமும் சொல்லப் போவதில்லை. தனத்துக்குப் புற்று முதுகெலும்பில் பரவியதிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது கொடுமை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உதட்டைக் கடிப்பாள். சித்திரையில் ஒருநாள் வாடகை வண்டி வழியில் நின்றுவிட்டது. எரிந்த பம்புசெட் மோட்டாருக்கு என்னிடம் செம்புக்கம்பி கட்டிக்கொள்ளும் தோப்புக்காரர் ஒருவர் தன் பழைய பெரிய காரில் ஏற்றி வந்தார். அன்று மட்டும் வழியெல்லாம் அவள் முகம் சாதாரணமாக இருந்தது. சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை என்றார். அன்றிலிருந்து தேடியது.

ஓட்டி வரும்போது ஒட்டன்சத்திரத்தில் நிறுத்தி முருங்கைக்கீரை.

ஆனி 9, திங்கள்

டீக்கடையில், என் முதுகுக்குப் பின்னால்: "பொண்டாட்டி படுத்துக் கெடக்கா. இவருக்கு இம்புட்டுப் பெரிய காரு கேக்குது."

மதியம் முருகேசன் வந்தான். தனத்தின் தம்பி. அய்யலூர் சந்தைக்கு ஆடு ஏற்றும் மினி லாரி வைத்திருக்கிறான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான், தொடவில்லை.

"ஊரு சிரிக்குது மச்சான்."

"சிரிக்கட்டும்."

"அக்காவுக்கு இந்நேரம் எது வேணும்னு யோசிச்சீகளா?"

பதில் சொல்லியிருக்கலாம். சாப்பிடாமல் போய்விட்டான். அவனுக்கென்று வைத்த வெஞ்சனம் அப்படியே இருக்கிறது.

தனம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "யாரு காருங்க?"

"நம்மளுது."

மறுபடியும் வண்டியைப் பார்த்தாள். பிறகு, "கறுப்புல துரு தெரியாதுன்னு எடுத்தீகளா?"

ஆனி 11, புதன்

மதுரை. காற்று குறுக்கே அடித்தது, வண்டி அசையவில்லை. பின்சீட்டில் தலையணை இரண்டு. மெதுவாகச் சாய்த்து உட்காரவைத்தேன். திண்டுக்கல் பைபாஸ் வரை கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன், தப்புதான்.

அம்மையநாயக்கனூர் தாண்டியதும் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்து. சமயநல்லூரில்தான் விழித்தாள். "வந்துருச்சா?" என்றாள், ஏமாற்றமாக.

கோவையிலிருந்து மகள் ரேவதி போன். "அம்மா குரலு நல்லாயிருக்குப்பா." சொல்லும்போதே அழுதாள்.

எனக்கு இன்று மனசு நிறைந்திருந்தது. அப்படி எழுதவே பயமாக இருக்கிறது.

ஆனி 15, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் வண்டி இடது முன்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. படுக்கப்போகும் மாடு முன்காலை மடக்கியதுபோல. ஸ்டார்ட் செய்தால் மெல்ல எழுகிறது, கால் மணி நேரத்தில் மறுபடி இறங்குகிறது. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே நுரை கொப்பளித்தது. காற்றுப் பையில் வெடிப்பு விட்டிருக்கிறது.

கீரைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மொகம் கோணிப்போச்சு?" வண்டியைக் கேட்டாளா என்னையா, தெரியவில்லை.

ஆனி 16, திங்கள்

திண்டுக்கல்லில் சிராஜ் பட்டறை. இந்த மாதிரி வண்டிகளுக்குக் கை வைக்கிற ஆள் இங்கே இவர் ஒருவர்தான். ஐம்பது வயசு இருக்கும், அதிகம் பேசமாட்டார். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

"ரெண்டு வழி இருக்குண்ணே. சாதா ஸ்பிரிங் போட்டுரலாம். ரெண்டே நாளு. அதோட தொந்தரவு இல்ல. நெறையப் பேரு அதான் பண்றாக. இல்லன்னா பையே வாங்கிப் போடணும். சென்னையிலருந்து வரணும். பத்துப் பன்னெண்டு நாளு ஆகும்."

"ஸ்பிரிங் போட்டா அலுங்குமா?"

"அலுங்கும். மத்த வண்டி மாதிரி ஆயிரும்."

அடுத்த மதுரை 25ஆம் தேதி. அதற்குள் பை வராது. ஸ்பிரிங் போட்டால் அன்றைக்கு வண்டி உண்டு, ஆனால் வாங்கிய காரணம் போய்விடும். பையென்றால் இந்த ஒரு புதன் மட்டும் வாடகை வண்டி. அதற்கடுத்த புதன்களுக்கெல்லாம் இது இருக்கும். பட்டறை வாசலில் நின்று யோசித்தேன். மோட்டாரில் எத்தனையோ பேருக்கு இதே மாதிரி கணக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை கஷ்டப்பட்டால் போதும், நல்ல செம்பாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்று.

பையே வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். தனத்தைக் கேட்கவில்லை.

ஆனி 19, வியாழன்

பட்டறையில் இரண்டு மோட்டார் வந்திருக்கின்றன, இரண்டும் எரிந்தவை. வேலை ஓடவில்லை. சந்தை முடிந்து முருகேசன் லாரி வீட்டைத் தாண்டிப் போயிற்று. நிறுத்தவில்லை.

ஆனி 25, புதன்

வாடகை வண்டி. டிரைவர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் போனார். அப்படியும்.

சின்னாளப்பட்டி அருகே சாலை வேலை. அங்கே ஒரு குலுக்கல். வாடிப்பட்டியில் இரண்டு. ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் மூன்று ஸ்பீட் பிரேக்கர், யார் போட்டார்களோ. துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சத்தமே போடவில்லை. வண்டியிலிருந்து இறக்கிவிடும்போது துண்டில் ரத்தம்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இந்த மருந்து இனி வேலை செய்யலைங்க. அவங்கள அலைய வைக்காதீங்க. வலிக்கு மாத்திரை, தோல்ல ஒட்டுற பேட்ச் எல்லாம் எழுதித் தர்றேன். வீட்டுலயே நிம்மதியா வச்சுக்கங்க."

"அடுத்த புதன்?"

"வேண்டாம்."

திரும்பும் வழியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு ஒருநாளைக்காவது ஸ்பிரிங் போட்டிருக்கலாம். அதுவும் அலுங்கியிருக்கும். ஆனால் இவ்வளவு? தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை. வராத புதன்களுக்காக வண்டியைச் சேர்த்து வைத்தேன்.

ஆனி 27, வெள்ளி

சிராஜ் போன். பை வந்துவிட்டது.

போனேன். பூட்டி முடித்து அவர் நிமிர்ந்தபோது வண்டி நாலு பக்கமும் சமமாக நின்றது. சொன்னார், குறித்துக்கொண்டேன்:
— மற்ற மூன்று பையும் பழசு, மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீர்ச் சோதனை
— கியர் ஆயில் மாற்ற வேண்டும்
— பேட்டரி இறங்கவிடக் கூடாது, வாரம் இருமுறையாவது ஓட்டணும்
— மஞ்சள் விளக்கு: பயமில்லை

"அடுத்து எப்பண்ணே மதுரை?"

சொன்னேன். சிராஜ் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும்ணே" என்றார். டீ வரவழைத்தார். குடித்தோம்.

ஆனி 29, ஞாயிறு

எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள். அவளே கேட்டாள், ரசம் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது.

"இனி மதுரை இல்லைதானே?"

"யாரு சொன்னா?"

"பை நெறைய மாத்திரை குடுத்துவிட்டா வேற என்ன அர்த்தம்?"

தட்டைக் கீழே வைத்தேன். அவள் அழவில்லை. நான்தான்.

பிறகு, "வண்டி சரியாயிருச்சுன்னு சொன்னீகளே."

"வித்துரலாம்னு பாக்குறேன்."

"எதுக்கு? இந்தக் கட்டில்லகூட வலிக்குது. அதுலதான் வலிக்கல. ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமா?"

ஆனி 31, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து மணி. பேட்ச் ஒட்டி, மாத்திரை கொடுத்து, அரைமணி கழித்துப் பின்சீட்டில். வடமதுரையிலிருந்து நாலுவழிச் சாலையில் அய்யலூர் வரை, திரும்பி வந்தோம். ஜன்னலைக் கொஞ்சம் திறக்கச் சொன்னாள். அந்தப் பக்கம்தான் இறங்காத கண்ணாடி. மறுபக்கம் மாற்றி உட்காரவைத்தேன்.

"சோளம் நல்லா வந்துருக்கு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

டீக்கடையில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆடி 2, வெள்ளி

தினமும் போகிறோம். இன்று தூங்கினாள். கன்னம் ஒட்டிவிட்டது. ரேவதி ஞாயிற்றுக்கிழமை இரவு வருகிறாள், லீவு போட்டிருக்கிறாளாம்.

ஆடி 4, ஞாயிறு

காற்று ஓய்ந்திருந்தது. சாயங்காலம் தனத்தைத் தூக்கி வரும்போது முருகேசன் வாசலில். எத்தனை நாளாயிற்று. அக்காவைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். முப்பது கிலோகூட இருக்கமாட்டாள்.

கதவைத் திறந்து பிடித்தான். சொல்லாமலே தலையணையைச் சரிசெய்தான். சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தான், மறுபடியும் அழுத்திப் பார்த்தான்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்ல மச்சான்."

"விடு மாப்ள."

தனம் என்னைப் பார்த்தாள். "நீங்க ஒரு நாளும் இதுல பின்னாடி உக்காந்ததில்ல. ஏலே முருகேசா, நீ ஓட்டு."

"இதுல கியரு எங்கக்கா இருக்கு?"

சிரித்தாள். நான் காட்டியபடி போட்டான். ஆட்டு லாரி ஓட்டுகிறவன், கண்ணாடிப் பாத்திரம் ஏற்றியவன் மாதிரி ஓட்டினான். கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான்.

அவள் தலை என் தோளில். எண்ணெய் வாசம், மருந்து வாசம். ஸ்டேஷன் ரோடு முக்கில் ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரியும். எதிர்பார்த்து அவளை இறுக்கிப் பிடித்தேன். எப்போது தாண்டினோம் என்றே தெரியவில்லை.

"பாத்தீகளா?" என்றாள்.

நாலுவழிச் சாலை வந்ததும் முருகேசன் திரும்பாமலே கேட்டான். "எந்தப் பக்கம்க்கா?"

"நேராப் போ."