குழவிக்கல் அடையாறில்

ஆகஸ்ட் 9, சனி. சைதாப்பேட்டை.

ஜெரோமோடு சேர்ந்து வாழ்ந்த அடையாறு வீட்டிலிருந்து என் பங்குச் சாமான்கள் இன்று வந்துவிட்டன. கல்யாணம் ஆகவில்லை, அதனால் கோர்ட்டும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. அவரவர் வாங்கியது அவரவருக்கு என்று நாங்களே பேசி முடித்தோம். பீரோ எனக்கு, ஃபிரிட்ஜ் அவனுக்கு. சண்டைகூட வரவில்லை. அவ்வளவு அலுத்துப்போய்விட்டது.

கிரைண்டர் மட்டும் நாங்கள் வாங்காதது. அவன் அம்மா கொடுத்தனுப்பியது. "நீயே வெச்சுக்க" என்றான்.

சாயந்திரம் அரிசியும் உளுந்தும் ஊறவைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தால் குழவிக்கல்லைக் காணோம். கழுவி அந்த வீட்டு ஜன்னலோரம் காயவைத்தது நான்தான். அவனுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவன் அம்மா. நான் இருந்தவரை அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர், மகன் தனியாக இருக்கிறான் என்று இப்போது வந்திருக்கிறார்.

"கல்லு இங்கயே கீதும்மா. இத வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது?"

"கிரைண்டரையே திருப்பி அனுப்பிடறேன் ஆன்ட்டி. அது உங்களுது."

"உனக்குன்னுதாம்மா வாங்கிக் குடுத்தேன். நாளைக்குப் பூசை முடிஞ்சதும் அத்தையே எடுத்தாறேன், வூட்லயே இரு."

அத்தையாம். இத்தனை வருடம் அவர் வாயில் வராத சொல், எல்லாம் பங்கு பிரித்தபிறகு வருகிறது. வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "சரி அத்தை" என்றுதான் வந்தது எனக்கும்.

ஊறிய அரிசி நாளைவரை கெடாமலிருக்க வேண்டுமே என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஃபிரிட்ஜ் அவன் பங்கு.