வெட்டாத சிப்பாய்

ஞாயிறு, ராத்திரி

இலுப்பூர் செஸ் போட்டியில் கடைசி ரவுண்டு எனக்கும் பக்கத்துத் தெரு கௌசல்யாவுக்கும் விழுந்தது. உட்காருமுன் காதருகே சொன்னாள்.

"டிரா பண்ணிக்கிருவோம்டி. டிரா ஆனாலே எனக்கு மாவட்ட டீம்ல எடம். காலேஜ் சீட்டும் கெடச்சிரும். நான் பிரெஞ்சுத் தொடக்கம் ஆடுறேன். நீ என் சிப்பாய வெட்டு, நானும் வெட்டுறேன், சப்புன்னு முடிஞ்சிரும். ஒனக்கென்ன, நீதான் படிப்ப விட்டுட்டியே."

தலையாட்டினேன்.

மூன்றாவது நகர்த்தலில் நான் வெட்டவில்லை. என் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினேன். அவள் குதிரை வர வேண்டிய இடம் போயிற்று. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நடுவரிடம் என்ன சொல்வாள், நாங்கள் பேசி வைத்ததையா? கவனம் சிதறி மந்திரியைப் பறிகொடுத்தாள். அப்புறம் ராணியை. நான் அவசரப்படாமல் முடித்தேன்.

வெளியே அவள் அம்மா எலுமிச்சைச் சோற்றோடு காத்திருந்தார்.

"இவ எதுக்கும்மா அழுகுறா?"

"தோத்துட்டா அத்தை."

"எந்தப் பாவி மககிட்ட?"

"எங்கிட்டதான்."

அத்தை அவளுக்குச் சோறு போட்டார். எனக்கும் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார். கௌசல்யா சோற்றைத் தொடவில்லை. நான் இன்னொரு கை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.