பாதி பச்சையாய் நின்ற வெண்டைக் கொல்லை

சோப்புப் போட்டுத் தேய்த்தும் கையில் வெண்டைச் சுணையின் அரிப்பு அடங்கவில்லை. அந்தப் பச்சை வாடையும் விரல்களை விட்டுப் போகவில்லை. இன்று பகல் முழுக்க உத்திரமேரூரில், உன் நைனாவின் கொல்லையில் சோதனைக்கு இலை பறித்துக்கொண்டிருந்தேன். நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்லத் தெம்பில்லை.

ஆய்வுக்கூடத்தில் நம் இருவருக்கும் ஒரே மேசை. வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸால் வெண்டை இலை மஞ்சள் நரம்போடிப் போகிற நோய்க்கு வழி தேடினோம். வைரஸின் மரபுச் செய்தியைச் செடியே வெட்டிப்போட வைக்கும் ஆர்.என்.ஏ. இழையை இலையில் தெளிப்பது நம் யோசனை. வெறுமனே தெளித்தால் வெயிலில் சிதைந்துவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியாத நானோ களிமண் தகடுகளில் ஏற்றினோம். தகடு இலையில் ஒட்டிக்கொண்டு, இழையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். செடியின் மரபணுவில் கை வைப்பதில்லை. "பொதி சுமக்கிற கழுதைடீ இது. மூட்டய எறக்கி வெச்சுட்டுப் பூடும்" என்பாய்.

ஆய்வுக்கூடத்து வலைக்குடிலில், தெளித்த செடிகள் பச்சையாக நின்றன. அந்தக் கோடையில்தான் உன் நைனாவின் கொல்லை மஞ்சளாகிப் போனது. நானும் உன்னோடு வந்திருந்தேன். வரப்பில் நின்றபடி அவர் உன்னிடம் கேட்டார்.

"ஏம்மா, அந்தத் தண்ணிய கொஞ்சம் எடுத்தாந்து அடிச்சா இன்னா?"

"குடிலுக்குள்ள வேல செய்யுது நைனா. வெளியில இன்னா பண்ணும்னு எங்களுக்கே தெரியாது. அனுமதியும் வரல. சந்தைக்குப் போற காய் இது. நான் எடுத்தார மாட்டேன்."

"பெத்தவன் கொல்லைக்கு ஒதவாத படிப்பு, இன்னா படிப்பு?"

நீ காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாய். ஒரு பாட்டில்தானே, கொடுத்துவிடேன் என்றேன். "வேல செஞ்சா ஊரே கேக்கும். செய்யலன்னா ஊரே திட்டும். ரெண்டுக்கும் நம்மகிட்ட பதில் இல்ல" என்றாய். அவர் செடிகளை உழுதுபோட்டார். உன்னிடம் பேசுவதையும் நிறுத்தினார். அந்த மழைக்காலத்திலேயே டெங்கு உன்னைக் கொண்டுபோனது. கடைசியில் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, உன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசிக்கொண்டேயிருந்தார். உள்ளே நீ கண் திறக்கவில்லை.

வயலில் தெளித்துப் பார்க்க அனுமதி போன வருஷம்தான் வந்தது. உன் நைனாவிடம் ஒரு துண்டு நிலம் கேட்கப் போனபோது எனக்குக் கால் கூசியது. விளையும் காயை விற்கக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்பதையும் சொன்னேன். "அவ கேட்டாப்பல நெனச்சுக்கறேன், அடி" என்றார்.

தெளித்த வரிசைகள் முதலில் நன்றாகத்தான் நின்றன. பிறகு பெருமழை பெய்தது. தகடுகள் கழுவிக்கொண்டு போயிருக்க வேண்டும். இன்று பார்த்தால் பாதிச் செடிகளில் மஞ்சள் ஏறியிருக்கிறது.

"இன்னாம்மா ஆச்சு? எம்பொண்ணு செஞ்சது பலிச்சுதா?"

வெயில், தாகம், இத்தனை வருஷக் களைப்பு. பலித்துவிட்டது என்று சொல்லிவிட்டால் அந்த மனுஷனுக்கு ஒரு ராத்திரியாவது நல்ல தூக்கம் வரும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"பாதிதான் நைனா. மழைக்குத் தாங்கல" என்றேன்.

மஞ்சள் இலை ஒன்றைக் கிள்ளித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அவ தரமாட்டேன்னது சரிதான்" என்று மெதுவாகச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த பட்டத்துக்கும் கொல்ல இங்கதான் கீது. வா" என்றார்.

இந்த வேலையை விட்டுவிடலாம் என்று சில மாதங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றும் நினைத்தேன். ஆனால் திரும்பும் பஸ்ஸில், களிமண் தகடு இலையை இன்னும் இறுகப் பிடிக்க என்ன கலக்கலாம் என்று என்னையறியாமல் உன்னிடம் வாய்விட்டே கேட்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான் நடக்கிறது. எதையாவது கேட்கிறேன். நீ பதில் சொல்லக் கொஞ்ச நேரம் விடுகிறேன். அப்புறம்தான் நானாக யோசிக்கத் தொடங்குகிறேன்.