கையாண்டவர் தோல் கலப்பு

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் சுகம்தானே என்று எழுதப் போனால் பேனா நிற்கிறது. செத்த பிறகு ஆய்வுக்குக் கொடுத்த அப்பாவின் மூளையில் கிடைத்த, இன்னும் யாரும் பெயர் வைக்காத அந்த ஒரு புரதத்தை நீ உன் ஆராய்ச்சிப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டாய். அழித்ததோடு விட்டாயா, காரணம் என்ற கட்டத்தில் "கையாண்டவர் தோல் கலப்பு" என்று போட்டிருக்கிறாய். ஆய்வுக்கூடத்தின் குளிர் அறையில் அந்தக் குப்பியைக் கையாண்டவள் நான் ஒருத்திதான்.

இருபத்திரண்டு வருஷமாகக் குப்பிகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டுகிறேன், உன் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு நானாகப் படித்தவள். தோல் செதில் விழுந்தால் புரதம் அளக்கும் இயந்திரத்தில் எந்தக் கோடு எழும்பும் என்று எனக்குத் தெரியும், இது அது இல்லை. இருந்தும் ரோஷத்தில் என் உள்ளங்கையைப் பஞ்சால் துடைத்து இயந்திரம் ஓட்டும் பெண்ணிடம் கொடுத்தேன். பெத்த பிள்ளையோட மல்லுக்கட்ட என் மெஷினா கிடைச்சுது என்று சிரித்தாள். என் கையில் அது இல்லை. பிறகு மற்ற குப்பிகளின் கணக்கையும் புரட்டியவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். இன்னொண்ணுல இருக்கும்மா, நோயில்லாதவங்க வரிசையில, நூத்திப்பதினேழு என்றாள். அந்தச் சீட்டையும் எழுதியது நான். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் போதவில்லை என்று போன முறை வந்தபோது ஒருக்களித்துச் சுருண்டு படுத்து நீ கொடுத்த தண்டுவட நீர் அது. யாருடையது என்று அவளிடம் சொல்லவில்லை. உனக்குத் தெரியும், தெரிந்துதான் அழித்திருக்கிறாய்.

அப்பா கடைசி வருஷம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, இதோ வந்துட்டேன் என்பார். யார் கூப்பிட்டது என்றால், அண்ணன்தான், உனக்குக் காது அடைச்சுப்போச்சா என்று எரிந்து விழுவார். பெரியப்பா செத்து அப்போது ஒன்பது வருஷம். போன ஞாயிறு மருமகளின் பல்வலியைப் பற்றிப் போனில் சொல்லிக்கொண்டிருந்தவன், நடுவில், இதோ வந்துட்டேன் என்றாய். யாருப்பா என்றேன். அப்பா கூப்பிடுறார்மா, ஒரு நிமிஷம் என்றாய். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பதினொரு நிமிஷம் போனைக் காதில் வைத்திருந்தேன். திரும்பி வந்து பல்வலியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாய்.

பயந்ததற்கு உன்னைத் திட்டவில்லை. அந்தப் பயத்தை என் கை அழுக்கு என்று எழுதினாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதனால் கேள். அந்த வரியை நீயே திரும்பச் சேர்க்க வேண்டும், அப்பாவின் எண்ணிலும் உன் எண்ணிலும். காரணத்தை அடித்துவிட்டு, அடித்தது யார் என்று உன் பெயரைப் போட வேண்டும். மருமகள் இந்த வாரமே உன்னை நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும், அவளுக்குத் தனியாக எழுதிவிட்டேன், அதனால் மழுப்பாதே. நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், இருபதாம் தேதி வந்து சேருவேன். அதுவரை வாசல் கதவைப் பூட்டிச் சாவியை மருமகள் தன்னிடமே வைத்திருக்க வேண்டும், நீ எவ்வளவு கெஞ்சினாலும் தரக் கூடாது.

நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் சாப்பிடு.

அம்மா