கருவாட்டுப் பாயில் காய்ந்த ரொட்டி

காசிமேடு,
12-8-1952

மகள் மங்கைக்கு,

நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு அம்புரோஸ் எழுதுகிறான். ரொட்டிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு நீ போன நாளிலிருந்து நான் உன்னோடு பேசவில்லை.

போன வாரம் அம்மாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. "மங்கைய வரச் சொல்லுய்யா. அவ கையால பால் ரொட்டி துன்னணும்" என்றாள். எனக்கு வீம்பு. நானே செய்கிறேன் என்றேன்.

ரொட்டியை வெயிலில் காயவைத்து நெய்யில் வறுப்பாய், சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சிய பாலை மேலே ஊற்றுவாய். எல்லாம் நினைவிருந்தது. ஆனால் கருவாடு உலர்த்துகிற பாயிலேயே ரொட்டியையும் பரப்பிவிட்டேன்.

அம்மா ஒரு வாய் வாங்கினாள். "இன்னாய்யா, நெத்திலிக்கு சக்கர போட்டுக் கொணாந்துகீறே?" என்று சிரித்தாள். சிரித்து எத்தனை மாதமாயிற்று! அப்புறம், "அவ எப்போ வருவா?" என்றாள்.

"சொல்லி அனுப்சிகீறேன், வந்துடுவா" என்றேன். அனுப்பவில்லை, மங்கை.

அதை நம்பி மறுநாள் மதியம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களை நான்தான் மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காரியம். மாப்பிள்ளையோடு வா. என்னைத் திட்டுவதற்காவது வா.

இப்படிக்கு,
உன் நைனா
(கைநாட்டு)