ஆல்டன் செதுக்கிய கட்டை

1997 ஆகஸ்ட் 19, செவ்வாய்

இருபத்திரண்டு வருடம் விண்ணப்பம் போட்டு, இந்தக் குலுக்கலில் மலையாட்டு வேட்டைக்கான அனுமதிச் சீட்டு எனக்கு விழுந்திருக்கிறது. ஆயுளுக்கு ஒரே சீட்டு. அறுபத்தெட்டு வயதில் இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாருக்கு விழுந்தது, சொல்லட்டும்!

முட்டிதான் எதிரி. என் வீட்டுக்காரர் ஆல்டன் இருந்தவரை ஆட்டின் மூச்சுக் கேட்கிற தூரம்வரை இரண்டு பேரும் தவழ்ந்தே போவோம். இனி நானூறு கெஜத்துக்குக் கிட்டே என்னால் போக முடியாது. குண்டுதான் போகவேண்டும்.

ஆகஸ்ட் 21

மேய்ச்சல் நிலத்தில் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தேன். மழைக்கு முன்னால் ஓரிடம், மழைக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி. என் கை நடுங்கவில்லை. துப்பாக்கியின் மரக்கட்டை ஊறிப்போய்க் குழாயைத் தள்ளுகிறது. கட்டையில் குழாயும் இரும்பும் உட்காரும் பள்ளத்தைச் சுரண்டி எபாக்ஸி பசை வார்த்துவிட்டால் அப்புறம் அசையாது.

ஆனால் அந்தப் பள்ளம் ஆல்டன் செதுக்கியது. கல்யாணமான முதல் பனிக்காலம் முழுக்க. விளக்குக் கரியை இரும்பில் தடவுவார், கட்டையில் பதிப்பார், கரி ஒட்டிய இடத்தில் மட்டும் உளியால் ஓர் இழை எடுப்பார். மறுபடி பதிப்பார். தலையணை உறையெல்லாம் கரி விரல்கள். எத்தனை திட்டினேன்! ஓர் உறையையாவது துவைக்காமல் வைத்திருக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 23

ரூஃபஸ் வந்தான். ஆல்டனின் தம்பி.

"அண்ணன் கைவேலையில உளி வைக்கப் போறீங்களா அண்ணி? ஒரு பிளாஸ்டிக் கட்டை வாங்கி மாட்டிட்டுப் போங்களேன்."

"பிளாஸ்டிக்கைத் தோள்ல வச்சுக்கிட்டு அவர் மலைக்கு நான் போறதா? போடா."

"பசை போட்டு ஒட்டுறவன் தச்சனே இல்லைன்னு சொல்லுவாரே."

சொல்வார்தான்.

ஆகஸ்ட் 24

உளியை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26

சுரண்டினேன். முதல் இழைதான் கஷ்டம். மரத்தின் துளைகளில் அவருடைய கரி இன்னும் இருந்தது. விரலில் ஒட்டியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பசை டப்பாவில் இருந்ததை மூன்று முறை படித்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் படித்ததை விடமாட்டேன். இரும்புக்கு மெழுகு பூசினால்தான் பசை அதைப் பிடிக்காது. பூசினேன், வார்த்தேன், இரும்பை இறக்கி ஸ்க்ரூவை முடுக்கினேன்.

ஆகஸ்ட் 27

வரவில்லை. பசை இறுகியதும் இரும்பைக் கழற்றி, வழிந்ததைச் சுரண்டி எடுத்துத்தான் திரும்ப மாட்டவேண்டும். அது கட்டையை விட்டு வரவே இல்லை.

இரும்பின் அடியில் ஒரு பல் இருக்கும், சுடும்போது உதையை வாங்குவது. அதன் பின்பக்கம் மெழுகு பூசினேனா? பூசலையே. ஐயோ, பூசலையே! கரியைப் பார்த்துக்கிட்டு நின்னேனே, அப்பதான் விட்டுப்போச்சு. சனிக்கிழமை வேட்டை திறக்குது. கட்டையைப் பிளந்தாத்தான் இரும்பு வரும். அவர் கட்டையை நானே பிளக்கவா?

வெட்கத்தை விட்டு ரூஃபஸுக்குப் போன் செய்தேன்.

"சொன்னேனா இல்லையா?" என்றான். அப்புறம், "ஃப்ரீசர்ல வைங்க அண்ணி. குளிர்ல இரும்பு சுருங்கும். கோடாலியைத் தொட்டீங்க, அவ்வளவுதான். காலைல வரேன்."

மீனையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுத் துப்பாக்கியை உள்ளே படுக்க வைத்தேன்.

ஆகஸ்ட் 28

அவன் கட்டையைப் பிடித்துக்கொண்டான். நான் மரச்சுத்தியால் குழாயின் அடியில் தட்டினேன். நாலாவது தட்டுக்கு 'டக்'. கட்டை பிளக்கவில்லை. பள்ளத்தில் பசை கண்ணாடிபோல, இரும்பின் ஒவ்வொரு கீறலும் அதில் பதிந்து. ரூஃபஸ் அதைத் தடவித் தடவிப் பார்த்தான். அப்புறம் மீன் குவியலைக் காட்டி, "இத்தனையும் இன்னிக்கே பொரிச்சாகணும். வேற வழியில்ல" என்றான்.

ஆகஸ்ட் 29

நானூறு கெஜம், மூன்று குண்டு. மூன்று ஓட்டையையும் ஒரு காப்பிக் கோப்பைத் தட்டால் மூடிவிடலாம். சாயங்காலம் மழை. திரும்பச் சுட்டேன். அதே தட்டு!

செப்டம்பர் 6

நானூற்றுப் பத்து கெஜம். ஒரே குண்டு. ஆடு நின்ற இடத்திலேயே விழுந்தது. அதன் மூச்சுதான் கேட்கவில்லை.

பேத்தி நெட்டி மூன்று நடை இறைச்சி சுமந்தாள். "ஊர்ல நீங்க பெருமையடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் பாட்டி" என்றாள். விடுவேனா?

செப்டம்பர் 14, ஞாயிறு

ரூஃபஸ் வந்து வாசலிலேயே நின்றான். கையில் போர்வை சுற்றிய அவன் துப்பாக்கி. அதன் கட்டையும் ஆல்டன் செதுக்கியதுதான், தம்பியின் கல்யாணத்துக்கு.

"இதுவும் மழைக்கு விலகுது அண்ணி."

காப்பி கொடுத்தேன். ஸ்க்ரூவைக் கழற்றி இரும்பை எடுத்துத் தனியே வைத்தேன். உளியை அவன் பக்கம் தள்ளினேன்.

முதல் இழைக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். நான் அவசரப்படுத்தவில்லை.